கழுத்து ஒப்பரேசனும் இரத்தக்குழாயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

26 வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்தேன். அதில் முக்கால்வாசிக் காலம் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள்ளேயே போனது. ஓய்வெடுத்துக் கல்லடிக்கு வந்தபிறகு, யாராவது ஒருவர் ஸ்கான் படம் இருக்கிற பெரிய உறையோடு வந்து எங்கள் வீட்டு விறாந்தையில் உட்காருவது வழக்கமாகிவிட்டது. ஏறாவூர், களுவாஞ்சிகுடி, கல்முனை, திருக்கோவில் என்று பல இடங்களிலிருந்தும் வருகிறார்கள், ஒருமுறை பொத்துவிலில் இருந்தும் வந்தார்கள். கழுத்தில் ஒப்பரேசன் என்று திகதி கிடைத்திருக்கும். "இரத்தக்குழாயில் பட்டுவிடவும் கூடும்" என்று டொக்டர் ஒரு வரி சொல்லியிருப்பார். அந்த ஒரு வரி வீட்டில் ஒருவரையும் தூங்கவிட்டிருக்காது.

ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். நான் டொக்டர் இல்லை, உங்கள் படத்தைப் பார்த்தவர் சொல்வதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

கழுத்து ஒப்பரேசனெண்டா நரம்புலதானே கை வைக்கிற? இதுக்குள்ள ரத்தக்குழாய் எங்கயிருந்து வந்த?

கழுத்தில் ஏழு எலும்புகள் அடுக்கி இருக்கின்றன, மேலிருந்து கீழாக எண்ணுவார்கள். நடுவில் உள்ள கால்வாய்க்குள், மூளையிலிருந்து இறங்கும் பெரிய நரம்புக்கட்டான முண்ணாண் போகிறது. கை கால் விழுந்துவிடுமோ என்று எல்லோரும் பயப்படுவது அதை நினைத்துத்தான். பக்கத்தில் இன்னொன்று ஓடுவது பலருக்குத் தெரியாது. காறை எலும்புக்குப் பின்னால் போகிற பெரிய நாடியிலிருந்து (நாடி என்றால் இருதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்) வலம் ஒன்று, இடம் ஒன்றாக இரண்டு கிளைகள் புறப்பட்டு மேலே ஏறுகின்றன. கழுத்தெலும்புகளின் இரு பக்கத்திலும் சின்னத் துளைகள் உண்டு. பத்தில் ஒன்பது பேருக்கு இந்தக் கிளை ஆறாவது எலும்பின் துளைக்குள் நுழைந்து, பாசிமணிக்குள் நூல் போவது போல முதலாவது எலும்பு வரைக்கும் போகும். பிறகு பின்னால் வளைந்து, முதலாவது எலும்பின் மேல்விளிம்பில் உள்ள பள்ளத்தில் படுத்து மண்டைக்குள் நுழையும்.

இதை வேர்ட்டிபிரல் ஆர்ட்டரி என்பார்கள், தமிழில் முள்ளென்பு நாடி. தடிப்பு 3 முதல் 5 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஒரு சேலைன் குழாயின் அளவு. மண்டைக்குள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் பார்வையைக் கவனிக்கிற பின்மூளைக்கும் இரத்தம் கொடுக்கின்றன. மூச்சு, விழுங்குதல், நடையின் சமநிலை எல்லாம் அந்தப் பகுதியின் வேலைதான். எலும்பில் ஆணி போடவோ எலும்பைக் குடையவோ போகிறவர் இந்தக் குழாய்க்குச் சில மில்லிமீற்றர் தூரத்தில் வேலை செய்கிறார்.

ரெண்டு பக்கமும் இருக்கெண்டா ஒண்டு போனாலும் மற்றது சமாளிக்கும்தானே?

பலருக்குச் சமாளிக்கும், எல்லோருக்கும் இல்லை. இரண்டு குழாயும் ஒரே அளவில் இருப்பது கால்வாசிப் பேருக்குத்தான். பாதிப் பேருக்கு இடது பெரிது, மீதிக் கால்வாசிக்கு வலது பெரிது. சிலருக்கு ஒரு பக்கம் வெறும் நூல் போல இருக்கும், அல்லது மூளைக்குப் போய்ச் சேராமலே முடிந்துவிடும். அப்படிப்பட்டவரின் பெரிய குழாயில் காயம் பட்டால் சமாளிக்க ஆள் இல்லை.

ஆகவே "ரெண்டு இருக்குத்தானே" என்று ஆறுதல் சொல்ல முன்னர், இவருக்கு எந்தப் பக்கம் பெரிது என்று பார்க்க வேண்டும்.

நூற்றுக்கு எத்தன பேருக்கு இப்படி நடக்குது? உண்மையச் சொல்லுங்க மிஸ்

கழுத்து ஒப்பரேசன்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் 200 பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் எல்லா ஒப்பரேசனும் ஒன்றில்லை. முன்பக்கத்தால் ஒரு தட்டை (எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க்) எடுப்பதில் மிகக் குறைவு. முதல் இரண்டு எலும்பையும் ஊடுருவி நீண்ட ஆணி போடும் முறையில் 100 பேரில் நான்கு பேர் வரைக்கும் காயம் பட்டதாகப் பழைய கணக்கு ஒன்று உண்டு. உங்கள் ஆளுக்கு எந்த ஒப்பரேசன் என்று தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துப் பயப்படுவதில் பிரயோசனம் இல்லை. காயம் பட்ட எல்லோருக்கும் பாரிசவாதம் வருவதுமில்லை. கணிசமானோர் ஒரு குறையும் இல்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள்.

முன்பக்கத்தால வெட்டுறது ஆபத்தா, பிடரிப் பக்கத்தால வெட்டுறது ஆபத்தா?

தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது என்றால் பெரும்பாலும் முன்பக்கம்தான். தொண்டைக்குழியின் ஒரு பக்கத்தில் சின்னதாக வெட்டி, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கம் ஒதுக்கி, கழுத்தின் பெரிய நாடியான கரோட்டிட்டை மறுபக்கம் ஒதுக்கி, நடுவால் எலும்புக்குப் போவார்கள். 1950களில் இருந்து இந்த வழிதான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் தசையை வெட்டாமல் இடைவெளிக்குள்ளால் போவதால் இரத்தம் குறைவு.

இதில் தவறு வருவது நடுக்கோட்டை விட்டு விலகும்போது. முள்ளென்பு நாடி நடுவிலிருந்து சுமார் ஒன்றரை சென்ரிமீற்றர் தள்ளித்தான் நிற்கிறது. மேசையில் தலை கொஞ்சம் திரும்பிக் கிடந்தால், நடு என்று நினைத்த இடம் நடுவாக இருக்காது. குடைகிற கருவி தெரியாமலே ஒரு பக்கம் போய்விடும். அதனால்தான் தலையை நேராக வைக்க அவ்வளவு நேரம் எடுப்பார்கள். தட்டின் இரு ஓரத்திலும் எலும்பு மேல்நோக்கி மடிந்து ஒரு வரம்பு போல நிற்கும். முதலில் இரண்டு பக்க வரம்பையும் கண்ணால் கண்டு, அதன் நடுவை நடு என்று கொள்வதுதான் நல்ல சத்திரசிகிச்சையாளரின் பழக்கம். வயலுக்கு வரம்பு மாதிரி என்று நான் சொல்வதுண்டு, அதைத் தாண்டினால் அடுத்தவன் காணி. கட்டியோ கிருமியோ எலும்பைத் தின்றிருந்தால் அந்த வரம்பே கரைந்து போயிருக்கும், அப்போது ஆபத்து கூடும்.

வயதானவர்களுக்கு முன்பக்க வழியில் இன்னொரு கவனம் உண்டு. கரோட்டிட் குழாயில் கொழுப்புப் படிந்திருந்தால், ஒதுக்கிப் பிடிக்கும் கருவி அதை நீண்ட நேரம் அழுத்தக் கூடாது. இடைக்கிடை தளர்த்தி விடுவார்கள். முன்பு பாரிசவாதம் வந்தவர் என்றால் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பின்பக்கத்தால் மூன்றாவது முதல் ஆறாவது எலும்பு வரை ஆணி போடும்போது, ஆணியின் முனையை வெளிப்பக்கமாகவும் மேல்நோக்கியும் சாய்த்துப் போடுவார்கள். நேரே முன்னுக்குப் போனால் குழாய் இருக்கும் துளை. அந்தச் சாய்வுதான் பாதுகாப்பு. ஏழாவது எலும்பில் பெரும்பாலும் குழாய் துளைக்குள் போவதில்லை, ஆகவே அங்கே தைரியம் கொஞ்சம் கூட.

வாப்பாக்கு மேல முதலாவது ரெண்டாவது எலும்புல ஆணி போடணுமாம். அதுதான் ஆகக் கூடின ஆபத்தெண்டு சொல்றாங்க, ஏன்?

அக்கரைப்பற்றில் இருந்து வந்த ஒரு மகன் கேட்டது. அவர் கேள்விப்பட்டது சரிதான். மரத்திலிருந்து விழுந்தோ, மோட்டார் சைக்கிள் விபத்திலோ, கைவிரல்களைக் கோணவைக்கும் மூட்டுவாதத்தாலோ இந்த இரண்டு எலும்பும் ஒன்றை விட்டு ஒன்று வழுக்கலாம். கீழே நேராக ஏறி வந்த குழாய் இந்த இடத்தில்தான் வளைந்து நெளிகிறது.

முதலாவது எலும்பு ஒரு வளையம். அதன் பின்வளைவின் மேல்விளிம்பில் குழாய் படுத்திருப்பதால், தசையை எலும்பிலிருந்து பிரிக்கும்போது நடுவிலிருந்து பக்கத்துக்கு ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது, பிள்ளைகளுக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று ஒரு கணக்கு உண்டு. இன்னொரு பொறியும் இருக்கிறது. ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு எலும்புப் பாலம் வளர்ந்து குழாயை மூடியிருக்கும். பார்ப்பவருக்கு "ஆ, இவருக்கு நல்ல தடித்த எலும்பு, ஆணி போட வசதி" என்று தோன்றும். உள்ளே குழாய். பக்கவாட்டு எக்ஸ்ரேயிலேயே இந்தப் பாலம் தெரியும், தெரியும் என்று தேடுபவருக்கு.

இரண்டாவது எலும்பில் குழாய் உள்ளே வளைந்து வெளியே போகிறது. ஐந்து பேரில் ஒருவருக்கு இந்த வளைவு வழக்கத்தைவிட உயரமாகவும் உள்ளுக்காகவும் எலும்பைக் குடைந்திருக்கும். ஆணி போகவேண்டிய எலும்புப் பகுதி ஐந்து மில்லிமீற்றருக்கும் மெல்லியதாகிவிடும். மூன்றரை மில்லிமீற்றர் ஆணியை அதற்குள் விடுவது எப்படி என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அதனால் வழிகளை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இரண்டு எலும்பையும் ஒரே ஆணியால் ஊடுருவும் மாகெர்ல் முறை 1980களில் பரவியது. ஒவ்வொரு எலும்பிலும் தனி ஆணி போட்டு வெளியே இணைக்கும் முறையை 1994இல் மும்பையில் அதுல் கோயல் வெளியிட்டார், 2001இல் ஜெர்மனியில் ஹார்ம்ஸ் அதைச் சற்று மாற்றிப் பரவச் செய்தார். 2004இல் இரண்டாவது எலும்பின் பின்சுவருக்குள்ளேயே குறுக்காக ஆணி போடும் முறை வந்தது, அதில் குழாயின் பக்கமே போக வேண்டியதில்லை. ஆகவே குழாய் உயரமாக இருந்தால் "ஒப்பரேசன் ஏலாது" என்றில்லை. வேறு ஆணி, குட்டை ஆணி, அல்லது மூன்றாவது எலும்பு வரை இறங்கிப் பிடிப்பது என்று வழி உண்டு. எந்த வழி என்பதைக் கத்தி எடுப்பதற்கு முதலே முடிவெடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. பிறகு எதுக்கு ஊசி போட்டு சி.ரி.யும் எடுக்கச் சொல்றாங்க?

எம்.ஆர்.ஐ. நரம்பையும் தட்டையும் நன்றாகக் காட்டும். எலும்பின் மில்லிமீற்றர்க் கணக்கைக் காட்டுவது சி.ரி. சாயமருந்தை ஊசியால் ஏற்றி எடுக்கும் சி.ரி. அஞ்சியோகிராம், எலும்பையும் குழாயையும் ஒரே படத்தில் காட்டும். சுவரில் ட்ரில் போட வருகிற மின்சார வேலைக்காரர் "வயர் எதால போகுது" என்று கேட்காமல் போட்டால் நீங்கள் விடுவீர்களா? இதுவும் அந்தக் கேள்விதான்.

ஒரு தட்டை மட்டும் முன்பக்கத்தால் எடுக்கும் எல்லோருக்கும் இது தேவைப்படாது. எம்.ஆர்.ஐ.யின் குறுக்குவெட்டுப் படங்களிலேயே குழாய் கறுப்புப் புள்ளியாகத் தெரியும், இடம் மாறியிருந்தால் அதிலேயே பிடிபடும். மேல் கழுத்து, விபத்து, கட்டி, பிறவியிலேயே எலும்பு ஒட்டியிருப்பது, மறுபடி செய்யும் ஒப்பரேசன் என்றால் கேட்டே எடுப்பார்கள்.

சாயமருந்துக்கு முன் சிறுநீரகத்துக்கான கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். சிறுநீரக வருத்தம், முன்பு சாயமருந்துக்கு ஒவ்வாமை, சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் குளிசை எடுப்பது, இந்த மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டுல "லெஃப்ட் வேர்ட்டிபிரல் ஆர்ட்டரி ஹைபோபிளாஸ்டிக்" எண்டு இருக்கு. வருத்தமா அது?

வருத்தம் இல்லை, பிறவி அமைப்பு. இடது குழாய் சிறியது என்று அர்த்தம். இரண்டாவது கேள்வியில் சொன்ன அந்த "நூல் போன்ற" குழாய்தான். ஆனால் சத்திரசிகிச்சைக்கு இது பெரிய செய்தி. இவர் வலது குழாயை நம்பித்தான் இருக்கிறார். ஆபத்துக் கூடிய ஆணி ஒரு பக்கம் மட்டும் போதும் என்றால் இடது பக்கத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த வரியைத் திகதி கொடுத்த டொக்டர் வாசித்தாரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கைராசியான டொக்டரெண்டா இதெல்லாம் பார்க்கத் தேவையில்லத்தானே? கொழும்புக்குப் போகட்டா, இந்தியாவுக்குப் போகட்டா?

கைராசி என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நான் வேலை செய்தவர்களில் கை ஆடாதவர்கள் பலர். குழாய் இடம் மாறி இருந்தால் ஆடாத கையும் நேரே அதற்குள்தான் போகும். நான் மதித்தவர் ஒருவர் இருந்தார். முதல் நாள் பின்னேரம் தனியாக வெளிச்சப்பெட்டிக்கு முன் நின்று, ஒவ்வொரு துண்டுப் படமாக எண்ணிப் பார்ப்பார். ஆணியின் நீளத்தை அங்கேயே தாளில் எழுதி என்னிடம் தருவார். மறுநாள் அந்த நீளம்தான் மேசையில் இருக்க வேண்டும்.

எங்கே போவது என்பதற்கு என்னுடைய அளவுகோல் இது: இந்த ஒப்பரேசனை அங்கே வழக்கமாகச் செய்கிறார்களா? தியேட்டருக்குள் எக்ஸ்ரே பார்த்தபடி ஆணி போட வசதி இருக்கிறதா? குழாயில் பட்டுவிட்டால் கம்பி விட்டு உள்ளிருந்து அடைக்கக்கூடியவர்கள் கிட்ட இருக்கிறார்களா? சாதாரண தட்டு ஒப்பரேசனுக்கு இதெல்லாம் அவ்வளவு முக்கியமில்லை, மேல் கழுத்துக்கு முக்கியம். ரயிலில் மணிக்கணக்காக இருந்து கொழும்புக்குப் போவது கழுத்து ஆடும் நோயாளிக்குச் சும்மா காரியமும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், அனுப்பத் தேவையென்றால் அவர்களே கடிதம் எழுதிக் கழுத்துப் பட்டியோடு அம்புலன்ஸில் அனுப்புவார்கள். காணியை ஈடுவைத்து இந்தியாவுக்கு ஓட முன் இங்கே உள்ள நிபுணரிடம் இந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள்.

அண்ணன் தென்னையால விழுந்தவர். ஒப்பரேசனுக்கு முதலே குழாயில ஏதும் நடந்திருக்குமா?

நடந்திருக்கலாம். கழுத்தெலும்பு இடம் விலகியிருந்தாலோ, பக்கத் துளையைத் தாண்டி வெடிப்புப் போயிருந்தாலோ குழாய் நசுங்கி அடைபட்டிருக்கக் கூடும். மறுபக்கக் குழாய் வேலை செய்வதால் ஒரு குணங்குறியும் தெரியாமல் இருக்கும். அதனால்தான் விபத்துக் கழுத்துக்கு அஞ்சியோகிராம் கேட்கிறார்கள். ஒரு பக்கம் ஏற்கெனவே அடைபட்டது தெரிந்தால், நல்ல பக்கத்தில் ஆபத்தான ஆணி போடுவதை ஒன்றுக்கு மூன்று தடவை யோசிப்பார்கள்.

குளத்தில் தலைகீழாகப் பாய்ந்தவர், மரத்தால் விழுந்தவர் யாராக இருந்தாலும் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஓட்டோவில் ஏற்றாதீர்கள். கழுத்து ஆடாமல் பிடித்துக்கொண்டு 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

ரத்தம் கரைக்கிற குளிசை குடிக்கிறேன். நானாவே நிப்பாட்டிட்டு வரட்டா?

வேண்டவே வேண்டாம். அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்றவற்றின் வேலை, நிறுத்திய பிறகும் ஒரு வாரமளவு உடம்பில் நிற்கும். எப்போது நிறுத்துவது என்பதைச் சத்திரசிகிச்சை டொக்டரும் இருதய டொக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டும். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் கழுத்துக்கு முன் நெஞ்சு அடைக்கும். மீனெண்ணெய்க் குளிசை, பரியாரியாரின் தூள் எதுவானாலும் பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள்.

உள்ளுக்க குழாயில பட்டுட்டா என்ன செய்வாங்க? அப்படியே போயிடுமா ஆள்?

முதலில் ஒன்று. மேல் கழுத்தில் நாளங்கள், அதாவது இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள், வலை மாதிரிப் பின்னிக் கிடக்கின்றன. அதிலிருந்து கருஞ்சிவப்பாக இரத்தம் கசிவது சாதாரணம், அழுத்திப் பிடித்தால் நிற்கும். நாடி என்றால் பளிச்சென்ற சிவப்பு, துடித்துத் துடித்துக் கிளம்பும்.

நான் அதை ஒரேயொரு முறை கண்டேன். ட்ரில்லை எடுத்ததும் துளையிலிருந்து நிரம்பி வழிந்தது. டொக்டர் சத்தம் போடவில்லை. விரலால் அழுத்தினார், நான் பஞ்சுத் துண்டுகளையும் இரத்தம் உறையவைக்கும் பொருளையும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மயக்கமருந்து நிபுணர் இரத்தம் ஏற்றி பிரசரை விழவிடாமல் பிடித்தார், ஏனென்றால் இப்போது மூளை மற்றக் குழாயை நம்பி இருக்கிறது. பிறகு அதே துளைக்குள் ஆணியைப் போட்டு அடைத்தார்கள். மற்றப் பக்கம் ட்ரில் எடுக்கவே இல்லை. அன்றே அஞ்சியோகிராமுக்கு அனுப்பினார்கள். பத்தாம் நாள் அந்த அம்மா நடந்து வீட்டுக்குப் போனார்.

எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. அழுத்தி நிற்காவிட்டால் குழாயைத் தைக்க வேண்டும், அல்லது தொடையால் மெல்லிய குழாய் விட்டு உள்ளிருந்து சுருள் வைத்து அடைக்க வேண்டும், ஸ்டென்ட் வைக்க வேண்டும். மறுபக்கம் போதுமா என்று பார்க்காமல் குழாயைக் கட்டிவிட்டால் பாரிசவாதமும் உயிராபத்தும் வரலாம். இங்கேதான் முன்கூட்டி எடுத்த படம் இரண்டாம் முறை கைகொடுக்கிறது.

எக்ஸ்ரேயில ஒரு பக்கம் மட்டும்தான் ஆணி தெரியுது. மற்றப் பக்கம் போடாம ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றியிருக்க மாட்டார்கள். இதுவரை சொன்னதில் இரண்டு காரணம் கிடக்கிறது: மறுபக்கத்தில் குழாய் உயரமாக இருந்திருக்கலாம், அல்லது ஒரு பக்கம் இரத்தம் வந்ததால் மறுபக்கத்தைத் தொடாமல் விட்டிருக்கலாம். இரண்டு குழாயையும் ஒரே நாளில் பணயம் வைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். இரண்டாவது காரணம் என்றால் அதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. அமைதியாகக் கேளுங்கள்: "ஒப்பரேசனில் இரத்தக்குழாயில் பட்டதா? அஞ்சியோகிராம் எடுத்தீர்களா?" குழாயில் வீக்கம் நாட்கள் கழித்தும் வரலாம் என்பதால் இந்தப் பதில் கிளினிக் கொப்பியில் இருக்க வேண்டும்.

வீட்ட வந்த பிறகு எதக் கண்டா ஓடி வரணும்?

முன்பக்க ஒப்பரேசனுக்குப் பிறகு குரல் கம்முவதும் விழுங்கக் கொஞ்சம் கஷ்டமாக இருப்பதும் பலருக்கு உண்டு, பெரும்பாலும் சில வாரத்தில் குறையும். கழுத்து வேகமாக வீங்கி மூச்சு முட்டினால் அது வேறு, உள்ளே இரத்தம் கட்டுகிறது, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

திடீரென்று உலகமே சுழல்வது போல் தலைச்சுற்று, நிற்காத சத்தி, ஒன்று இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, ஒரு பக்க முகம் மரத்துப் போவது, குடிகாரன் போலத் தள்ளாடி நடப்பது: இவை பின்மூளைக்கு இரத்தம் குறைவதன் அடையாளங்கள். "பித்தம்" என்று இஞ்சி குடித்துப் படுக்காதீர்கள், 1990.

சலூனில கழுத்த டக்கெண்டு முறிப்பாங்களே, அது சுகமாத்தான் இருக்கு. ஒப்பரேசனுக்குப் பிறகு செய்யலாமா?

ஒப்பரேசனுக்குப் பிறகு மட்டுமில்லை, ஒருநாளும் வேண்டாம். முதல் இரண்டு எலும்பில் குழாய் வளைந்து ஓடுகிறது என்றேனே, திடீரென முறுக்கும்போது அந்த இடத்தில்தான் அது இழுபடுகிறது. உட்சுவர் கிழிந்து இரத்தம் கட்டி, அது மூளைக்குப் போனால் பாரிசவாதம். இளம் ஆட்களுக்கும் வந்திருக்கிறது. ஆணி போட்ட கழுத்தை எண்ணெய் போட்டு உருவுவதும் கூடாது.

படிவத்துல "உயிராபத்து" எண்டு இருக்கு, அதுவும் எனக்கு விளங்காத பாஷையில. கையெழுத்துப் போடட்டா?

விளங்காமல் போட வேண்டாம். தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, வாட்டில் தமிழ் தெரிந்த மிஸ் ஒருவராவது இருப்பார். ஆபத்துகளை எழுதியிருப்பது பயமுறுத்த இல்லை, எழுதாவிட்டால்தான் நான் யோசிப்பேன். கேட்க வேண்டியது நான்கு: எந்தெந்த எலும்பில் வேலை? எந்தப் பக்கக் குழாய் பெரிது? ஆணி போகும் இடத்தில் குழாய் கிட்ட இருக்கிறதா? இருந்தால் மாற்று வழி என்ன?

அப்புறம், போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டு போகாதீர்கள். சி.டி.யும் படங்களும் சேர்ந்தே இருக்கட்டும். பழைய எக்ஸ்ரேயும்தான், அலுமாரிக்கு மேலே கிடக்கும் அதுவும்.